இன்பச் சுற்றுலாவும் உணவு ஒவ்வாமையும்



குளிர்நாடுகளில் இலையுதிர்காலம் என ஒரு பருவம் உண்டு. வெயில் தணிந்து, குளிர் இன்னும் முற்றாத அந்நாள்களில் மக்கள் குடும்பத்தோடு தோப்புகளுக்கும் பண்ணைகளுக்கும் சென்று உலவி வருவர். நம் நாட்டில் அப்பருவம் இல்லை என்று மாணவர்கள் பாடத்தில் படித்திருப்பர். ஆயினும், தோட்டத்து மக்களாகிய நாம் இலையுதிர்தலை அறியாதவர்கள் அல்லோம். ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி, மார்ச்சு மாதங்களை ஒட்டிப் பால்மரங்கள் தம் இலைகளைச் செந்நிறமாக்கி உதிர்த்துவிடும். நிரைதோறும் சருகு குவியும். நடப்பவர் காலடி ஓசை தொலைவிலிருந்தே கேட்கும். நிழல் இருந்த இடத்தில் வெயில் விழும். பால் குறையும் காலமும் அதுவே.

1877ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்து சேர்ந்த 22 பால்மரக் கன்றுகளுள் 9 கன்றுகள் நம் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. அன்று தொடங்கிய கதையில் நம் பாட்டன் பாட்டியரின் வியர்வையும் கலந்துள்ளது. இன்று அத்தோட்டங்களுள் பல செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. ஆனால், விடுமுறை வந்தால் குடும்பமாக எங்கேனும் சென்று வரவேண்டும் என்னும் ஆவல் மட்டும் மாறவில்லை.

பேராக்கில் செல்லத்தக்க இடங்களுக்குக் குறைவில்லை. ஈயச் சுரங்கம் இருந்த நிலத்தை 1880களில் பூங்காவாக்கிய தைப்பிங் ஏரிப் பூங்கா, தாப்பாவை அடுத்த லாத்தா கிஞ்சாங் நீர்வீழ்ச்சி, கோப்பெங்கின் தெம்புரோங் குகை, லூமுட்டிலிருந்து படகேறிச் செல்லும் பங்கோர்த் தீவு, ஈப்போவின் கல்லுமலை முருகன் கோயில் எனச் சொல்லிக்கொண்டே போகலாம். பத்து காஜாவில் கெல்லி சுமித் 1915இல் கட்டத் தொடங்கி, 1926இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமலே நின்றுவிட்ட மாளிகையைக் காட்டி, அதன் சுவர்களை எழுப்பியவர்களுள் நம்மவரும் இருந்தனர் என்று பிள்ளைகளுக்குச் சொல்வது ஒரு வரலாற்றுப் பாடமே ஆகும்.

சுற்றுலா என்றால் உணவும் உடன் வரும். கட்டுச்சோறு, நாசி லெமாக் பொட்டலம், வழியில் வாங்கும் கச்சாங் பூத்தே ஆகியவை இன்றேல் பயணம் இனிப்பதில்லை. ஆனால், பெரும்பாலோர்க்கு இன்பமாகும் அவ்வுணவே சில பிள்ளைகளுக்கு ஆபத்தாகிவிடுவதுண்டு. அதனை அறிந்து நடந்தால் எல்லாப் பிள்ளைகளும் ஒருங்கே மகிழலாம் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எங்களுக்குப் பாடம் கற்பித்த ஒரு நாள்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியிலிருந்து தைப்பிங்கிற்குச் சுற்றுலா சென்றோம். நண்பகலில் மரநிழலில் அமர்ந்து அனைவரும் நாசி லெமாக் உண்டனர். மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு உண்ணாமல் இருந்தான். "ஏன் தம்பி?" என்று கேட்டோம். "எனக்கு இறால் ஒத்துக்காது சார்," என்றான். பொட்டலத்தைப் பார்த்தோம். அதில் இறால் இல்லை. சம்பலும் நெத்திலியும் முட்டையுமே இருந்தன. "இதில் இறால் இல்லையே, சாப்பிடு. சோற்றை வீணாக்கக்கூடாது," என்று அறிவுரை கூறினோம். பெரியவர் சொல்லைத் தட்டாத பிள்ளை, உண்டான்.

கால்மணி நேரத்திற்குள் அவன் உதடு தடித்தது. கழுத்திலும் கையிலும் சிவந்த தடிப்புகள் எழுந்தன. "தொண்டைக்குள்ள அரிக்குது சார்," என்றான். சிறிது நேரத்தில் குரல் கம்மி, மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஆசிரியர் ஒருவர் தம் காரில் அவனை அருகிலிருந்த மருத்துவமனைக்கு விரைந்து கொண்டு சென்றார். இறையருளாலும் மருத்துவர்களின் திறத்தாலும் பிள்ளை பிழைத்தான்.

சம்பலில் இறால் இல்லை. ஆனால், பெலாச்சான் இருந்தது. பெலாச்சான் என்பது சிற்றிறாலை அரைத்துப் புளிக்கவைத்த பொருளன்றோ! கண்ணுக்குத் தெரியும் இறாலை அறிந்த நாங்கள், கண்ணுக்குத் தெரியாத இறாலை அறியாமற் போனோம்.

அன்று மாலை மருத்துவமனைக்கு வந்த அவன் தாயார் கூறியது இன்றும் எங்கள் நெஞ்சை விட்டு அகலவில்லை. "முன்னமே தெரியும் ஐயா. சொன்னா, பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போகமாட்டீங்கன்னு பயந்துட்டேன். அவன் தைப்பிங்கைப் பார்த்ததே இல்லை," என்று கண்ணீர் வடித்தார். அவர்மீது குறை கூற எங்களுக்கு வாயில்லை. பெற்றோர் கையொப்பமிட்டு அனுப்பிய படிவத்தை எடுத்துப் பார்த்தோம். பெயர், வகுப்பு, சட்டை அளவு, கட்டணம் எல்லாவற்றிற்கும் இடம் இருந்தது. 'உங்கள் பிள்ளைக்கு ஒவ்வாத உணவு எது?' என்ற கேள்விக்கு மட்டும் இடம் இல்லை. அப்படிவத்தை எழுதியவர்கள் நாங்களே.

ஒவ்வாமை என்பது யாது?

நம் உடலில் நோய்க்கிருமிகளை எதிர்த்து நிற்கும் காவற்படை ஒன்று உண்டு. அதனை நோய் எதிர்ப்பாற்றல் என்பர். சிலர் உடலில் அக்காவற்படை, தீங்கற்ற உணவையும் பகையெனத் தவறாக எண்ணிவிடுகிறது. பாலிலோ முட்டையிலோ இறாலிலோ உள்ள புரதத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, அடுத்த முறை அது உள்ளே வந்ததும் போர் தொடுக்கிறது. அப்போது ஹிஸ்டமின் முதலிய பொருள்கள் உடலில் வெளிப்படுகின்றன. அவற்றால் தோல் தடிக்கிறது, உதடு வீங்குகிறது, மூச்சுக்குழல் சுருங்குகிறது, சில வேளைகளில் இரத்த அழுத்தம் திடீரெனத் தாழ்கிறது. இதுவே உணவு ஒவ்வாமை. பலரும் இதனை 'அலர்ஜி' என்றே வழங்குவர்.

'அலர்ஜி' என்னும் சொல்லை 1906ஆம் ஆண்டு உருவாக்கியவர் ஆஸ்திரிய நாட்டுக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வொன் பிர்கே. அதற்குச் சற்று முன்னர், 1902இல், பிரெஞ்சு அறிஞர்களான சார்ல்ஸ் ரிஷேயும் போல் போர்ட்டியேயும் ஓர் உண்மையைக் கண்டறிந்தனர். கடற்பூவின் நஞ்சை ஒருமுறை ஏற்றும்போது தாங்கிக்கொண்ட நாய், சில வாரங்கள் கழித்து மிகச் சிறிதளவே ஏற்றியபோது சில நிமிடங்களில் இறந்தது. இரண்டாம் முறை அளவு சிறிதாயினும் விளைவு பெரிதாகலாம் என்னும் இவ்வாராய்ச்சிக்காக ரிஷே 1913இல் நோபல் பரிசு பெற்றார். இவ்வொவ்வாமைக்குக் காரணமான 'ஐ.ஜி.ஈ.' என்னும் எதிர்ப்பொருளை 1966இல் ஜப்பானியத் தம்பதியரான கிமிஷிகே இஷிசாக்காவும் தெருக்கோ இஷிசாக்காவும் வெளிப்படுத்தினர்.

இவ்வரலாற்றிலிருந்து தாய்மார்கள் மனத்திற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. 'போன முறை சிறிது அரித்தது, அவ்வளவுதான்' என்று எண்ணி அடுத்த முறை கொடுத்துப் பார்ப்பது தகாது. போன முறை எளிதாகக் கடந்தது என்பது அடுத்த முறைக்கு உறுதிமொழி ஆகாது. 'கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்' என்று வீட்டிலேயே முயல்வதும் பெருந்தவறு. அத்தகைய சிகிச்சையை மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே செய்தல் வேண்டும்.

ஒவ்வாமை அல்லாதவையும் உண்டு

உணவால் வரும் தொல்லை யாவும் ஒவ்வாமை ஆகிவிடாது. பால் குடித்தபின் வயிறு உப்பிக் கழிச்சல் ஏற்படுவது பலரிடமும் காணப்படும். பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைவதால் அது நேர்கிறது. துன்பம் தருமே அன்றி உயிருக்குத் தீங்கு செய்யாது. பால் ஒவ்வாமை என்பது வேறு. அது பாலின் புரதத்தால் வருவது.

சுற்றுலாவில் நினைவிற்கொள்ள வேண்டிய இன்னொன்று, கெட்ட மீன். கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்களைப் பனிக்கட்டி இன்றி வெப்பத்தில் வைத்திருந்தால் அவற்றில் ஹிஸ்டமின் மிகுந்துவிடும். எவ்வளவு சமைத்தாலும் அது அழியாது. அதை உண்டவர்க்கு முகம் சிவந்து, உடல் அரித்து, ஒவ்வாமை போன்றே தோன்றும். ஒரே மீனை உண்ட பலருக்கும் ஒரே நேரத்தில் அவ்வாறு நேர்ந்தால் கெட்ட மீனே காரணம் என ஐயுறலாம். எவ்வாறாயினும், எது எனத் தீர்மானிப்பது மருத்துவர் பணி. நாமே ஒரு முடிவுக்கு வந்து, பிள்ளைக்குத் தேவையான பாலையும் முட்டையையும் காரணமின்றி நிறுத்திவிடுவதும் தவறு.

நம்மூர் உணவில் மறைந்திருப்பவை

மேலைநாடுகளில் நிலக்கடலை ஒவ்வாமையைப் பற்றி மிகுதியாகப் பேசுவர். நம் வட்டாரத்தில் வளர்ந்த பிள்ளைகளிடம் முன்னிற்பது இறால், நண்டு போன்ற ஓட்டுடலிகளே. 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சிங்கப்பூரிலும் பிலிப்பைன்சிலும் 14 முதல் 16 வயது மாணவர்களிடம் வினாத்தாள் வழியாகக் கேட்டபோது நூற்றுக்கு ஐவர் அளவில் இவ்வொவ்வாமை இருப்பதாகத் தெரியவந்தது. இறாலில் 'டிரோபோமையோசின்' என்னும் தசைப் புரதமே முதன்மையான காரணம். அது கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் தன் இயல்பை எளிதில் இழப்பதில்லை. ஆகவே, 'நன்றாக வெந்துவிட்டது, ஒன்றும் செய்யாது' என்னும் ஆறுதல் இங்கே பயன்படாது.

நம்மூரில் இறால் பல வேடங்களில் வரும். சம்பலில் பெலாச்சானாக வரும். ரோஜாக்கில் கருநிற இறால் விழுதாக வரும். ஈப்போவின் புகழ்பெற்ற குவேதியாவ் சூப்பில் இறால் ஓட்டின் சாறாக வரும். பங்கோர்க் கடற்கரையில் இறாலை வேகவைக்கும் ஆவி பட்டாலே சில பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறுவதுண்டு. சிற்றுழவாரப் பறவையின் கூட்டைக் கொண்டு செய்யும் பானத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். அதனைச் சத்துள்ளது எனப் பரிசாகத் தருவர். ஆனால், 1990களில் சிங்கப்பூர்க் குழந்தைகளிடையே கடுமையான உணவு ஒவ்வாமைக்கு அது ஒரு முக்கியக் காரணமாக இருந்ததென மருத்துவர்கள் எழுதியுள்ளனர்.

அடுத்து நிலக்கடலை. ஈப்போ புந்தோங்கிலுள்ள கம்போங் கச்சாங் பூத்தே நம்மவர் உழைப்பால் பெயர் பெற்ற இடம். அங்கே வாங்கிய பொட்டலம் இல்லாமல் வீடு திரும்பிய சுற்றுலாப் பேருந்து அரிது. அத்தொழிலை நாம் போற்றுகிறோம். ஆயினும், கடலையும் முறுக்கும் பட்டாணியும் ஒரே எண்ணெயில் பொரிந்து, ஒரே கரண்டியால் அள்ளப்படக்கூடும் என்பதை நிலக்கடலை ஒவ்வாத பிள்ளையின் பெற்றோர் மறத்தலாகாது. 'முறுக்கில் கடலை இல்லையே' என்பது நாங்கள் அன்று 'இதில் இறால் இல்லையே' என்றதைப் போன்றதே ஆகும். சாத்தேயின் குழம்பு நிலக்கடலையால் ஆனது என்பதையும் நினைவிற்கொள்க.

கோயில் உணவு சைவ உணவு. ஆதலால் தீங்கில்லை என்று சிலர் எண்ணுவர். சைவம் என்பது வேறு. ஒவ்வாமைக்கு இடமின்மை என்பது வேறு. சர்க்கரைப் பொங்கலில் முந்திரியும் நெய்யும் உண்டு. தைப்பூசத்தின்போது கல்லுமலையில் பெறும் அன்னதானத்தில் தயிரும் மோரும் இருக்கலாம். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லத் தயங்கவேண்டியதில்லை. இரு கையாலும் பெற்று, கண்ணில் ஒற்றி, வேறொருவர்க்கு அளித்துவிட்டால் இறைவனுக்கும் குறையில்லை, பிள்ளைக்கும் கேடில்லை.

நம் தோட்டத்துப் பாலைப் பற்றியும் ஒரு சொல். பால்மரப் பாலில் உள்ள புரதமும் சிலருக்கு ஒவ்வாது. பலூன் ஊதும்போது உதடு வீங்கும் பிள்ளைக்கு வாழைப்பழம், கிவி, வெண்ணெய்ப்பழம் ஆகியவையும் ஒவ்வாமற் போகலாம். அப்புரதங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதே காரணம். பிறந்தநாள் விழாவில் பலூனும் வாழைப்பழமும் அருகருகே இருப்பதைக் காணும்போது இதனை எண்ணிக்கொள்க.

'அப்படியானால் நிலக்கடலையையே காட்டாமல் குழந்தையை வளர்த்துவிடலாமா?' என்று சில தாய்மார்கள் கேட்கின்றனர். முன்பு அவ்வாறு அறிவுறுத்தியதும் உண்டு. ஆனால், 2015இல் இங்கிலாந்தில் 640 கைக்குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு, உரிய வயதில் உண்ணத் தொடங்கிய குழந்தைகளிடம் நிலக்கடலை ஒவ்வாமை வெகுவாகக் குறைந்ததைக் காட்டியது. கடுமையான தோற்கரப்பான் உள்ள குழந்தையாயின் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். முழுக் கடலை சிறு குழந்தையின் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். ஆகையால் அதனை அப்படியே தருதல் கூடாது.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

முதலாவது, சொல்லுதல். பிள்ளைக்கு எது ஒவ்வாது என்பதை ஆசிரியரிடமும், வேன் ஓட்டுநரிடமும், உடன்வரும் உறவினரிடமும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அத்தை வீட்டிற்குச் சென்றாலும், "அத்தை, பிள்ளைக்கு முட்டை ஆகாது, கேக்கும் ஆகாது," என்று முதலிலேயே சொல்லிவிடுதல் மரியாதைக் குறைவாகாது. விருந்தோம்பலில் சிறந்தவர்கள் நாம்; 'கொஞ்சம் சாப்பிடு, ஒன்றும் ஆகாது' என்று வற்புறுத்துவதும் அன்பினால்தான். ஆனால், ஒவ்வாத பிள்ளைக்கு அவ்வன்பே தீங்காய் முடியும். விருந்தினர் வேண்டாம் என்றால் ஏற்றுக்கொள்வதும் விருந்தோம்பலே.

இரண்டாவது, படித்தல். நம் நாட்டின் உணவு ஒழுங்குமுறை விதிகள் 1985இன்படி, பொட்டலமிட்ட உணவில் கோதுமை போன்ற தானியங்கள், நிலக்கடலை, சோயா, பிற கொட்டைகள், மீன், பால், முட்டை ஆகியவை கலந்திருந்தால் அதனைப் பொட்டலத்தின்மேல் குறிப்பிடல் வேண்டும். அக்குறிப்புப் பெரும்பாலும் மலாய்மொழியில் இருக்கும். 'மெங்கண்டூங்கி' என்றால் 'அடங்கியுள்ளது' என்று பொருள். அதன்முன் 'முங்கின்' என்ற சொல் நின்றால் 'அடங்கியிருக்கலாம்' எனக் கொள்ள வேண்டும். 'காச்சாங் தானா' நிலக்கடலை, 'சூசு' பால், 'தெலூர்' முட்டை, 'ஊடாங்' இறால், 'ஈக்கான்' மீன், 'கண்டும்' கோதுமை. எழுத்தறியாத பாட்டிக்கு இதனைப் படித்துச் சொல்வது பேரப்பிள்ளையின் கடமை. பள்ளியில் கற்ற மலாய்மொழி உயிர்காக்கப் பயன்படுமானால் அதனினும் சிறந்த பயன் யாதுளது?

மூன்றாவது, கேட்டல். கடையில் விற்கும் உணவில் எழுத்து இராது. ஆதலின் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: இதில் என்னென்ன சேர்ந்துள்ளன? எந்த எண்ணெயில் பொரித்தீர்கள்? அதே கரண்டியை வேறெதற்கும் பயன்படுத்தினீர்களா? கடைக்காரர்க்கு உறுதியாகத் தெரியவில்லையெனில் வாங்காதிருத்தலே நன்று.

நான்காவது, கொண்டுசெல்லுதல். வீட்டில் சமைத்த உணவைத் தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு, பெயரெழுதிக் கட்டிக் கொடுக்கலாம். மருத்துவர் எழுதித் தந்த மருந்துகளைப் பிள்ளையுடனேயே வைத்திருக்க வேண்டும். பேருந்தின் அடியில் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் மருந்து, நீர்வீழ்ச்சியின் மேற்படியில் நிற்கும் பிள்ளைக்கு உதவாது.

ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு ஒவ்வாமை வந்தால் ஆபத்து மிகுதி. அப்பிள்ளையின் உறிஞ்சு மருந்தையும் மறவாதீர். சிலருக்கு உணவு மட்டும் தீங்கு செய்யாது; உண்டவுடன் ஓடியாடினாலோ நீந்தினாலோதான் ஒவ்வாமை வெளிப்படும். ஆகவே, உண்டபின் சற்றே அமர்ந்து இளைப்பாறுவது எல்லார்க்கும் நலமே.

ஆபத்து நேர்ந்தால்

ஒவ்வாமை பெரும்பாலும் உண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள் வெளிப்படும். வாயரிப்பு, தோல் தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி ஆகியவை முதற்குறிகள். குரல் கம்முதல், மூச்சிரைப்பு, விழுங்க இயலாமை, மயக்கம், உடல் தளர்தல் ஆகியவை கடும் ஆபத்தின் குறிகள். சில வேளைகளில் தோலில் ஒரு தடிப்பும் இல்லாமலே மூச்சு முட்டலாம். அப்போது செய்ய வேண்டியவை பின்வருமாறு:

1. பிள்ளையைப் படுக்க வைத்துக் கால்களைச் சற்றே உயர்த்துக. மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம். மயங்கினாலோ வாந்தியெடுத்தாலோ ஒருக்களித்துப் படுக்க வைக்க. எழுந்து நடக்க விடாதீர்.

2. மருத்துவர் அட்ரினலின் ஊசி தந்திருந்தால் காலந்தாழ்த்தாமல் தொடையின் வெளிப்புறத்தில் போடுக. கடும் ஒவ்வாமைக்கு முதல் மருந்து அதுவே. அரிப்பைத் தணிக்கும் மாத்திரை அதற்கு ஈடாகாது.

3. 999 என்னும் எண்ணை அழைத்து, இருக்கும் இடத்தைத் தெளிவாகக் கூறுக.

4. ஐந்து நிமிடம் ஆகியும் குணமில்லையெனில், மற்றோர் ஊசி இருந்தால் அதனையும் போடலாம்.

5. பிள்ளை தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. சில மணி நேரம் கழித்து அத்தாக்குதல் மீண்டும் வருவதுண்டு.

திருநீறு பூசி வேண்டிக்கொள்வது நம் நம்பிக்கை. அதனை விலக்க வேண்டியதில்லை. ஆனால், வண்டி புறப்பட்டபின் பூசுவோம். கைவைத்தியம் பார்த்துக் கழிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிள்ளையின் மூச்சிலிருந்து கழிவதாகும்.

மாணவச் செல்வங்களுக்கு

உங்கள் நண்பன் ஓர் உணவை வேண்டாம் என்றால், "பயந்தாங்கொள்ளி" என்று நகையாடாதீர்கள். ஏமாற்றி ஊட்டுவது விளையாட்டன்று, உயிரோடு விளையாடுவதாகும். கடலையோ இறாலோ உண்டபின் சோப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு அவனோடு விளையாடுங்கள். பகிர்ந்துண்ணல் நற்பண்பே, ஆயினும் அவனிடம் கேட்டுவிட்டே பகிருங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளே, தொண்டை அரித்தால் வெட்கப்பட்டு மறைவிடம் தேடிச் செல்லாதீர்கள். உடனே ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். அவர் நம்பவில்லையெனில் இன்னொருவரிடம் சொல்லுங்கள். அன்று எங்கள் மாணவன் உண்மையைத்தான் சொன்னான், கேளாதவர்கள் நாங்கள்.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தில், உடலுக்கு மாறுபடாத உணவை அளவறிந்து உண்ண வேண்டும் என்று வலியுறுத்துகிறார். எல்லார்க்கும் ஏற்ற ஒரே உணவு என்று எதுவும் இல்லை. அவரவர் உடலுக்கு மாறுபடாததே அவரவர்க்கு நல்லுணவு.

நிறைவாக

பால், முட்டை ஆகியவற்றின் ஒவ்வாமை பல பிள்ளைகளுக்கு வளர வளர நீங்கிவிடும். நிலக்கடலை, மீன், இறால் ஆகியவற்றின் ஒவ்வாமை பெரும்பாலும் நீடித்து நிற்கும். எதுவாயினும், அதனைக் காரணம் காட்டிப் பிள்ளையை வீட்டில் விட்டுச் செல்வது தீர்வாகாது. தைப்பிங்கின் ஏரியும் பங்கோரின் கடலும் அப்பிள்ளைக்கும் உரியவை.

எங்கள் சுற்றுலாப் படிவத்தில் இப்போது அந்த ஒரு வரி உண்டு. அதன்கீழ், 'இதனை எழுதுவதால் உங்கள் பிள்ளையை விட்டுச் செல்லமாட்டோம்' என்றும் எழுதியுள்ளோம். அவ்வரியைச் சேர்த்த ஆண்டில் ஏழு பெற்றோர் அதனை நிரப்பி அனுப்பினர். அதற்கு முன்னும் அப்பிள்ளைகள் எங்களோடு வந்தவர்களே, நாங்கள்தாம் அறியாதிருந்தோம்.

அம்மாணவன் ஐந்தாம் ஆண்டில் மீண்டும் எங்களோடு சுற்றுலா வந்தான். அவன் தாயார் அதிகாலையில் எழுந்து பெலாச்சான் இல்லாத சம்பல் அரைத்து, எலுமிச்சைச் சோறு கட்டிக் கொடுத்திருந்தார். மருந்துப் பை ஆசிரியையின் தோளில் இருந்தது. உணவு வேளையில் நண்பர்கள் இருவர் கை கழுவிவிட்டு வந்து அவன் பக்கத்தில் அமர்ந்தனர். அவன் தன் எலுமிச்சைச் சோற்றை அவர்களுக்கும் பகிர்ந்தளித்தான்.

வரும் விடுமுறையில் எல்லாரும் சென்று வருவோம். எல்லாரும் நலமே திரும்பி வருவோம். வாழ்க நம் பிள்ளைகள்! வளர்க நம் பள்ளி!